முதியவர்களாகவே வந்து சேர்ந்தவர்கள்: இந்தியாவில் ராக் இசையும் நினைவேக்கமும்

மேகாலயத் தலைநகரான ஷில்லாங்கில் ஆண்டுதோறும் மே 24ஆம் நாள் ஒரு பிறந்தநாள் விழா நடந்துவருகிறது. விழாவுக்கு உரியவர் ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை. பாப் டிலனின் பிறந்தநாளை அவருடைய பாடல்களைப் பாடியே கொண்டாடும் இவ்வழக்கத்தை 1972இல் தொடங்கிவைத்தவர் லூ மஜாவ் என்னும் காசி இனப் பாடகர். தோளில் புரளும் நரைத்த கூந்தல், முழங்காலுக்கு மேலே கத்தரிக்கப்பட்ட ஜீன்ஸ், ஒன்றுக்கொன்று நிறம் பொருந்தாத காலுறைகள். எழுபது வயதைக் கடந்த பின்னரும் இதே கோலத்தில்தான் அவர் மேடையேறுகிறார். விழா தொடங்கிய ஆண்டில் டிலனுக்கு வயது 31. தன் காலத்துப் பாடகர் ஒருவரை ஓர் இளைஞர் கொண்டாடிய நிகழ்ச்சியாகவே அன்று அது இருந்தது. பழமை என்பதற்கு அதில் இடமே இல்லை. எதையும் மாற்றாமல் ஆண்டுதோறும் செய்துவந்த ஒரே காரணத்தால் அது மெல்ல மெல்ல நினைவுச் சடங்காயிற்று. 2021இல் டிலன் 80 வயதை எட்டினார். கொண்டாட்டம் எந்த ஆண்டில் நினைவேக்கமாக உருமாறியது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

ராக் இசை குறித்த நினைவேக்கம் பற்றி மேலை நாடுகளில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஓர் எளிய முன்முடிவிலிருந்து புறப்படுகின்றன: இன்று ஏங்குபவர் அன்று அங்கே இருந்தவர், இளமையில் தாம் கேட்டதை முதுமையில் மீண்டும் தேடுகிறார் என்பதே அது. 'கிளாசிக் ராக்' என்னும் சொல்லாட்சியே இவ்வகைக் கேட்பாளரைக் குறிவைத்துப் பிறந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க எஃப்.எம். வானொலி நிலையங்கள், புதிய பாடல்களைப் பின்தொடர்வதை விட்டுவிட்ட, ஆனால் கையில் பணம் புழங்கத் தொடங்கியிருந்த நடுவயதினரை விளம்பரதாரர்களுக்காக ஈர்க்க வகுத்த ஒலிபரப்பு முறைக்கு இட்ட பெயர் அது. இசை வடிவத்தைச் சுட்டுவதைவிடக் கேட்பவரின் வயதைச் சுட்டுவதிலேயே அப்பெயர் துல்லியமானது.

இந்தியாவுக்கு இம்முன்முடிவு பொருந்தாது. இங்கே இவ்விசைக்காக ஏங்குபவர்களில் மிகப்பெரும்பாலோர் அதன் இளமைக் காலத்தை நேரில் கண்டவர்கள் அல்லர். 1960களிலும் 1970களிலும் வாழ்ந்த இந்திய ரசிகருக்கு ராக் இசை என்பது உடலற்ற குரலாகவே வந்து சேர்ந்தது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை, பி.பி.சி., வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆகியவற்றின் சிற்றலை ஒலிபரப்பு, டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அச்சிட்ட இசைத்தட்டுகள், கப்பலில் பணிபுரிந்தோரும் வெளிநாட்டு உறவினரும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவை என இவைதான் வாயில்கள். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் 1967 முதல் 1977 வரை வெளியிட்ட 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' இதழ் அக்குரல்களுக்கு முகங்களைக் கொடுத்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று கை மாறி, வீடு மாறி, ஊர் மாறிச் சுற்றியது. கீறல் விழுந்த இடத்தில் ஊசி தாவும். அந்தத் தாவலையும் பாட்டின் ஒரு பகுதியாகவே நினைவில் வைத்திருந்தவர்கள் உண்டு.

பாடியவர்கள் அரிதாக வந்தபோதும் மேடைக்கு வரவில்லை. 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் தங்கித் தியானம் பயின்றனர், பாடல்களும் புனைந்தனர். பொது நிகழ்ச்சி எதையும் நடத்தவில்லை. 1972 அக்டோபரில் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்தனர். பேஜுக்கு 28 வயது, பிளான்ட்டுக்கு 24. உலகின் மிகப் பெரிய அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த இருவரும் கொலாபாவின் 'ஸ்லிப் டிஸ்க்' என்னும் சிறு நடன விடுதியில் இரவல் கருவிகளை வாங்கிச் சிறிது நேரம் வாசித்தனர். அன்று அவ்விடுதிக்குள் இருந்த சிலரைத் தவிர அந்த இளமையை இந்தியாவில் கண்டவர் இல்லை.

அதே பயணத்தில் அவர்கள் செய்த மற்றொரு செயல் வரலாற்று மாணவருக்கு இன்னும் முக்கியமானது. பம்பாய் இசைக்கலைஞர்களைக் கொண்டு தங்களுடைய இரு பாடல்களை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் பதிவு செய்தனர். அப்பதிவு கள்ளப் பிரதிகளாக நெடுங்காலம் சேகரிப்பாளரிடையே உலவி, 43 ஆண்டுகள் கழித்து 2015இல்தான் முறைப்படி வெளியானது. பாடல் பட்டியலில் 'பாம்பே ஆர்க்கெஸ்ட்ரா' என்ற பொதுப்பெயர் இருக்கிறது. ஒரு நகரத்தின் பெயரால் அத்தனை கலைஞர்களும் குறிக்கப்பட்டுவிட்டனர். இந்திய ராக் வரலாற்றை எழுத முனைவோர் மீண்டும் மீண்டும் சந்திக்கும் நிலை இது: ஒலி இருக்கிறது, பெயர் இல்லை, அல்லது பெயர் இருக்கிறது, ஒலி இல்லை.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டுகள் மலிந்துள்ளன. 1960களின் இறுதியில் ஏறத்தாழ ஒவ்வொரு பெருநகரத்திலும் கல்லூரி மாணவர்கள் இசைக்குழுக்களை நடத்தினர். உள்ளூரில் செய்யப்பட்ட கிட்டார்கள், வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர் இணைத்துக்கொடுத்த ஒலிபெருக்கிகள், திருமண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த மைக் ஆகியவற்றுடன் நிகழ்ச்சிகள் நடந்தன. பதிவு செய்யும் வசதியோ அதற்கான சந்தையோ இல்லை. இசைத்தட்டு நிறுவனங்களுக்குத் திரைப்படப் பாடல்களே வருவாய். அந்நிலையில் இவ்விளைஞர்களின் ஒலி காலத்தைக் கடந்து நமக்குக் கிடைப்பதற்கு ஒரு சிகரெட் காரணமாயிற்று. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம், 1970இல் இந்தியா டொபாக்கோ எனப் பெயர் மாறியது, தன் 'சிம்லா' சிகரெட்டை இளைஞரிடையே பரப்ப 'சிம்லா பீட்' என்னும் அகில இந்திய இசைக்குழுப் போட்டியை நடத்தியது. தேர்ந்த குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளின் பெயரில் இரு நீளிசைத்தட்டுகளாக வெளிவந்தன.

அவற்றின் உறைகளில் உள்ள பெயர்களைப் படித்தாலே ஒரு வரைபடம் விரிகிறது: ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்', சென்னையின் 'கன்ஃபியூஷன்ஸ்', பெங்களூரின் 'டைனோசார்ஸ்', கல்கத்தாவின் 'கிரேட் பியர்'. ஃபென்டோன்ஸ் வாசித்த ஓர் இசைக்கோவையின் பெயரே 'சிம்லா பீட் தீம்' என்பதாகும். விளம்பரத்துக்கும் கலைக்கும் இடையே அன்று எவரும் கோடு கிழிக்கவில்லை, கிழிக்கும் வசதியும் எவருக்கும் இல்லை. புகையிலை நிறுவனத்தின் விற்பனைத் துறை அறியாமலே ஓர் ஆவணக் காப்பகத்தின் வேலையைச் செய்தது. அத்தகைய காப்பகம் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டியில் வென்று இசைத்தட்டில் இடம்பெறாத குழுக்களில் பெரும்பாலானவற்றின் ஒலி, அவற்றைக் கேட்டவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது.

இவ்விரு தட்டுகளையும் பிற்காலத்தில் தேடிக் கண்டெடுத்து மறுபதிப்புச் செய்தவர்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள். பம்பாயின் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' குழுவின் 'அப்செஷன் 77' என்னும் தட்டுக்கும் அதே கதை: இங்கே எவரும் கவனிக்காமல் 1981இல் வெளியாகி மறக்கப்பட்டது, 2011இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று மறுவெளியீடு செய்த பின்னரே இந்திய இளைஞர்கள் அதைக் கேள்வியுற்றனர். தமக்கு முந்தைய தலைமுறை தம் தெருவிலேயே வாசித்த இசையை இவர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கேட்க நேர்ந்தது.

கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் பற்றித் தனியே பேச வேண்டும். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் எனத் தொடர்ந்த உணவகங்களில் நேரடி இசை அன்றாட வேலையாக இருந்தது. மாதச் சம்பளம் பெறும் இசைக்கலைஞர்கள் அங்கே இருந்தனர். ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர், வடகிழக்கு மலைப்பகுதியினர், யூதர், பார்சிகள் எனப் பலரும் ஒரே மேடையில் நின்றனர். லூ மஜாவும் தம் இளமையில் இந்நகரத்துக் குழுக்களில் பாடியவரே. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் காஞ்சிப் பட்டுடுத்தி ஆங்கிலப் பாடல் பாடத் தொடங்கிய உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப், 1969இல் டிரிங்காசுக்கு வந்துதான் நாடறிந்தவரானார். 1970களில் நக்சல்பாரிக் கிளர்ச்சியும் அடக்குமுறையும், மின்வெட்டும், கேளிக்கை வரியும் அந்தத் தெருவின் இரவுகளைச் சுருக்கின. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. 1980களில் இடது முன்னணி அமைச்சர் ஒருவர் உஷா உதுப்பின் இசையை 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீர்கெட்ட பண்பாடு, எனச் சாடி அரசு அரங்கில் பாட இடம் மறுத்தார். உதுப் நீதிமன்றம் சென்று வென்றார். இன்று அதே தெருவின் நடைபாதையில் நின்று பழைய பார்க் ஸ்ட்ரீட்டுக்காக உருகும் கட்டுரைகள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிவருகின்றன. அவ்வுருக்கத்தில் மின்வெட்டுக்கும் வரிக்கும் இடமுண்டு, அபசம்ஸ்கிருதி என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வெளியேறி வேறு திசையில் சென்ற ஒருவரின் கதைதான் இவ்வரலாற்றின் மையம். கௌதம் சட்டோபாத்யாய் மாணவப் பருவத்தில் 'தி அர்ஜ்' என்ற குழுவில் ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு கிட்டார் வாசித்தவர். பின்னர் நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலையான பின் சில காலம் வங்கத்துக்கு வெளியே வாழ நேர்ந்தது. திரும்பி வந்து 1975இல் தம்பியர், உறவினர், நண்பர்களோடு அவர் தொடங்கிய குழுவே 'மொஹீனேர் கோராகுலி'. 'மஹீனின் குதிரைகள்' எனப் பொருள்படும் அப்பெயரைக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் 'குதிரை' என்னும் கவிதையிலிருந்து எடுத்துத் தந்தவர் குழுவில் ஒருவரான ரஞ்சன் கோஷால். கிட்டாரும் வயலினும் சாக்ஸபோனும் அங்கே பாவுல் பாடகரின் மெட்டோடு கலந்தன. பாவுல் மரபுக்கும் ராக்குக்கும் இடையே அதற்கு முன்பே ஓர் இழை ஓடியிருந்தது: 1967இல் வெளியான டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' இசைத்தட்டின் உறைப்படத்தில் அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் பூர்ண தாஸ் பாவுலும் அவர் தம்பி லக்ஷ்மண் தாஸும். வங்கக் கிராமம் நியூயார்க் மாநிலத்துக்குப் போய், இசைத்தட்டின் உறையாகக் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தது என்றால் மிகையாகாது.

1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று சிறு இசைத்தட்டுகள். மொத்தம் எட்டுப் பாடல்கள். கல்கத்தா வாங்கவில்லை. ரவீந்திர சங்கீதமும் திரைப்பாடலும் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக ஒலித்தது. புரட்சிப் பாடல் எதிர்பார்த்தவர்களுக்கு அதில் முழக்கம் இல்லை. பார்க் ஸ்ட்ரீட் ரசிகருக்கு அது ஆங்கிலத்தில் இல்லை. 1981இல் குழு கலைந்தது. ரஞ்சன் பெங்களூருக்குப் போனார், ஆபிரகாம் மஜும்தார் மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கற்பிக்கலானார், கௌதம் திரைப்படம் பக்கம் திரும்பி 1983இல் 'நாக்மதி' படத்துக்குத் தேசிய விருது பெற்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

1995 கல்கத்தா புத்தகக் காட்சியில் ஒரு ஒலிநாடா வெளியாயிற்று. பெயர் 'ஆபார் பொச்சோர் குரி பொரே': 'மீண்டும் இருபது ஆண்டு கழித்து'. இத்தொடரும் ஜீவனானந்தரிடமிருந்து பெற்றதே. உறையில் 'மொஹீனேர் கோராகுலி' என்ற பெயருக்குப் பக்கத்தில் 'சம்பாதிதோ' என்னும் சொல் இருந்தது. 'தொகுத்தது' அல்லது 'பதிப்பித்தது' என்று அதற்குப் பொருள். தொகுப்பில் பழைய குழு மட்டும் பாடவில்லை. 1970களில் பள்ளிக்கூடம் கூடப் போகத் தொடங்கியிராத இளையவர்களும் பாடினர். அடுத்த சில ஆண்டுகளில் இதே முறையில் மேலும் தொகுப்புகள் வந்தன. கௌதம் இங்கே செய்த காரியம் அசாதாரணமானது. தோற்றுப்போன ஒரு குழுவின் பெயரைப் பதிப்பாசிரியரின் பெயராக மாற்றி, அப்பெயரின் கீழ் புதிய தலைமுறைக்கு இடம் ஒதுக்கித் தந்தார். இருபது ஆண்டுக்கு முன் எவரும் கேட்காத குழுவை, இருபது ஆண்டுக்கு முன் எல்லோரும் கேட்ட குழுவைப் போல அறிமுகப்படுத்தினார். நினைவேக்கம் தானாகக் கனிந்து விழவில்லை, விதைபோட்டு வளர்க்கப்பட்டது.

அதற்குச் சான்று அத்தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாடலிலேயே உள்ளது. 'பிருதிபீடா நாகி' என்ற அப்பாடலை இன்றைய வங்க இளைஞர்கள் எழுபதுகளின் குரலாகப் போற்றுகின்றனர். கல்லூரி விழாக்களில் எழுபதுகளின் அடையாளமாகப் பாடுகின்றனர். பாடலின் பொருளோ, செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கேபிள் இணைப்பும் வரவேற்பறைக்குள் புகுந்து உலகைச் சுருக்கிவிட்ட நிலை. கேபிள் தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்குள் பரவியது 1990களில். அச்சொற்களை எழுபதுகளில் எழுதியிருக்கவே முடியாது. பாடல் தன் காலத்தைத் தானே அறிவித்துக்கொண்டிருக்க, கேட்போர் அதற்கு வேறொரு காலத்தைச் சூட்டி மகிழ்கின்றனர். பாடல் வரியைக் கவனிக்காத குறை என்று இதைத் தள்ளிவிட இயலாது. கிட்டார், கூட்டுக்குரல், தாடி வைத்த பாடகர், கலகக்காரரின் வாழ்க்கைக் கதை என எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டெண்ணை உருவாக்குகின்றன. காதில் விழும் சொல் அதன் முன் தோற்றுவிடுகிறது. வாய்மொழி வரலாற்றைச் சான்றாகக் கொள்வோர் இந்த ஒரு பாடலை எப்போதும் மேசைமேல் வைத்திருப்பது நல்லது.

அதே 1995இல் பம்பாயில் வேறொன்று நிகழ்ந்தது. ஏப்ரலில் டீப் பர்ப்பிள் குழு வந்து பாடியது. முந்தைய ஆண்டு ஜெத்ரோ டல் வந்திருந்தது. 1991இன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் வெளிநாட்டுப் பணம் செலுத்துவதும், கருவிகளைக் கொண்டுவருவதும், குளிர்பான, மதுபான நிறுவனங்களின் ஆதரவைப் பெறுவதும் எளிதாயின. கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். டீப் பர்ப்பிளின் இயன் கில்லனுக்கு அப்போது 49 வயது. 2002இல் பெங்களூரில் பாடிய ரோஜர் வாட்டர்சுக்கு 58. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து பெங்களூரிலும் மும்பையிலும் மேடையேறியபோது மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்சுக்கும் 59, தாளக்கலைஞர் சார்லி வாட்சுக்கு 61. 1980 மார்ச்சில் பம்பாய் ரங் பவனில் பாடிய 'தி போலீஸ்' போன்ற ஓரிரு விலக்குகளை ஒதுக்கிவிட்டால், கிளாசிக் ராக்கின் பேராளுமைகள் இந்தியாவுக்கு முதியவர்களாகவே வந்து சேர்ந்தனர். லண்டனில் ஒருவர் 1969இல் இருபத்தாறு வயது ஜாகரையும் பின்னர் அறுபது வயது ஜாகரையும் பார்த்து, இடையே ஓடிய காலத்தை அளக்கலாம். பெங்களூர் ரசிகருக்கு அளவுகோலின் ஒரு முனை இசைத்தட்டின் உறைப்படம் மட்டுமே. மழையில் நனைந்தபடி அவர் வரவேற்றது இருபதாண்டுகளாகத் தம் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தை.

மேலை நாட்டு முதிய கலைஞருக்கு இந்நினைவேக்கம் வாழ்வாதாரத்தை மட்டுமின்றிப் பெருஞ்செல்வத்தையும் தந்தது. 2016 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இண்டியோ நகரில் 'டெசர்ட் டிரிப்' என்னும் விழா இரு வார இறுதிகளில் நடந்தது. டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், பால் மெக்கார்ட்னி, நீல் யங், தி ஹூ, ரோஜர் வாட்டர்ஸ். எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். இளைஞர் விழாவின் பெயரை முதுமையோடு ஒட்டிப் பத்திரிகைகள் கேலி செய்தன. நுழைவுச்சீட்டுகள் சில மணிநேரங்களில் தீர்ந்தன. இரு வார இறுதிகளுக்கும் இடைப்பட்ட 13ஆம் நாள் டிலனுக்கு இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்டது. காப்புரிமைத் தொகை, மறுவெளியீடு, திரைப்பட உரிமை, பாடல் பட்டியலையே மொத்தமாக விற்றல் என அங்கே நினைவுக்கு விலை நிர்ணயிக்கும் வழிகள் பல.

இந்தியாவில் அவ்வழிகள் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வது பாதி உண்மையே ஆகும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பு பிற ஊடகங்களில் பயன்படும்போது அதற்குரிய பங்கைக் கைமாற்றித் தர இயலாத உரிமையாகப் பெறுவதற்கு 2012ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தச் சட்டம் வழிசெய்தது. அதற்கு முன் ஒருமுறை கையெழுத்திட்டு முழு உரிமையையும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுப்பதே நடைமுறை. திரைத்துறையினருக்குச் சங்கங்கள் இருந்தன, பேரம் பேசும் வலிமை இருந்தது. திரைக்கு வெளியே நின்ற ராக் குழுக்களிடம் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளே இருந்ததில்லை. நண்பர்கள் கூடிச் செலவு செய்து பதிந்தவை அவை. ஆகவே பாடல் உலகெங்கும் பரவியபோது அதன் பின்னால் பணம் செல்லும் பாதை வெட்டப்படவில்லை. 'பிருதிபீடா நாகி'யின் மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் 'பீகீ பீகீ' என்ற பாடலாகி, வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. மொஹீனேர் கோராகுலி என்ற பெயரை ஒருபோதும் கேட்டிராத கோடிக்கணக்கானோர் அம்மெட்டை அறிவர். கௌதம் அப்போது இல்லை. 1999 ஜூன் 20ஆம் நாள் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

பாபி என்று அன்போடு அழைக்கப்பட்ட தபஸ் தாஸ், 1975இலிருந்து அக்குழுவில் பாடியவர், கிட்டார் வாசித்தவர். தனக்குப் பின் வந்த பல குழுக்களுக்கு வழிகாட்டியவர். அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தபோது சிகிச்சைச் செலவைத் தாங்கும் நிலையில் குடும்பம் இல்லை. சமூக ஊடகங்களில் வேண்டுகோள் பரவியது. கொல்கத்தாவிலும் டாக்காவிலும் இசைக்குழுக்கள் நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டின. பின்னர் மேற்கு வங்க அரசு சிகிச்சைப் பொறுப்பை ஏற்றது. 2023 ஜூன் 25ஆம் நாள் அவர் காலமானார்.

இந்நிகழ்வை இரு விதமாகவும் எழுதலாம், இரண்டுமே எழுதப்பட்டன. நாடெங்கும் பாடப்படும் மெட்டின் கர்த்தாக்களில் ஒருவர் மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கையேந்த நேர்ந்தது என்பது ஒன்று. எட்டே பாடல்களோடு கலைந்துபோன ஒரு குழுவின் உறுப்பினருக்காக, அப்பாடல்கள் பதிவானபோது பிறந்தே இராத இளைஞர்கள் இரு நாடுகளில் மேடை போட்டனர் என்பது மற்றொன்று. 1995இல் கௌதம் அந்தப் 'பதிப்பித்தது' என்ற சொல்லை உறையில் அச்சிட்டிராவிட்டால் இரண்டாவது நிகழ்ந்திருக்காது என்பதில் ஐயமில்லை. நேரில் காணாததற்காக ஏங்குவது போலி உணர்வு என்று ஒதுக்கும் திறனாய்வாளர்கள், அந்தப் போலி உணர்வுதான் ஒரு முதியவரின் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே வேளையில், ஒழுங்கான உரிமைத்தொகை செய்திருக்க வேண்டிய வேலையை அது செய்தது என்பதும் மறைக்கக்கூடியதன்று.

எழுத்தில் உள்ளவை எழுத்தாகவே இருக்கும். ஒலியின் நிலை அவ்வாறல்ல. மும்பை ரங் பவனில் 1986 முதல் நடந்துவந்த 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழாவின் தொடக்க ஆண்டுகள், பார்க் ஸ்ட்ரீட்டின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள், ஷில்லாங்கின் முதல் பத்து மே 24கள் ஆகியவற்றில் எஞ்சியிருப்பவை தனியார் வீடுகளின் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துவரும் ஒலிநாடாக்கள்தாம். அவற்றை வைத்திருப்போர் முதியவர்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் வெளிநாட்டில் உள்ளனர். ஒலிநாடாவை ஓட்டும் கருவியும் வீட்டில் இருப்பதில்லை. கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கும் திரையிசைக்கும் காப்பகங்களும் தனிச் சேகரிப்பாளர்களும் உண்டு. ராக் இசையை 'மேலைநாட்டு நகல்' என்று கருதியதால் நம் பல்கலைக்கழக இசைத்துறைகள் இதனைத் தம் பொறுப்பாக நினைக்கவில்லை. வாசித்தது பிறர் பாடலாகவே இருக்கட்டும். வாசித்தவர் இவ்வூர்க்காரர், கேட்டவர் இவ்வூர்க்காரர், அன்று மண்டபத்துக்கு வெளியே காவலுக்கு நின்றவரும் இவ்வூர்க்காரர்தாம்.

இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1970இன் சிம்லா பீட் இசைத்தட்டு 2030 முடிவில் பொதுவுடைமையாகிறது.  அதில் இருபது வயதில் கிட்டார் வாசித்தவருக்கு அப்போது எண்பது வயது நிறைந்திருக்கும்.